எறும்பு மொய்க்குமுன்

எங்கள் வீட்டில் படம் பிடிக்க அம்மா சம்மதித்தபோது, தெரிந்தவர்கள் அதற்குத் தத்தமக்குப் பிடித்த காரணங்களைக் கற்பித்துக்கொண்டார்கள். வாடகை நன்றாகக் கிடைக்கும் என்றார்கள் சிலர். பகலெல்லாம் தனியே இருக்கிற மனுசிக்கு ஒரு பராக்கு என்றார்கள் வேறு சிலர். உண்மைக் காரணம் எனக்கு மட்டுமே தெரியும். அந்தப் படத்தில் நடிப்பதற்காக லண்டனிலிருந்து வரவிருந்த மனிதரிடம் அம்மா ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. என் பதின்ம வயதுகளும் பல்கலைக்கழகக் காலமும் அந்தக் கேள்வியின் நிழலில்தான் கழிந்தன. என் கணவரை நீர் எங்கே கண்டீர் என்பதே அது.

அந்த மனிதர் நடிகராவதற்கு முன்னர் பாட்டு எழுதியவர். பள்ளிப் பருவத்திலேயே யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் போய், அங்கே படித்து, பிரித்தானியக் குடிமகனாகி, ஏதோ ஒரு வேலை பார்த்தபடி மாலை வேளைகளில் பாட்டெழுதி மெட்டமைத்தவர் என்பதற்கு மேல் எங்களுக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது. தன் பாட்டை அவர் தானே பாடியதில்லை. பாடியவர்களின் முகங்கள் இறுவட்டு அட்டைகளில் பெரிதாக இருந்தன; அவருடைய பெயர் பின்பக்கத்தில், அச்சகத்தின் பெயருக்கு மேலே, சிறிய எழுத்தில் இருந்தது. ஆயினும் நான் வளர்ந்த காலத்து ரொறன்ரோவின் ஸ்காபரோவில் அவருடைய பாட்டு ஒலிக்காத கலியாண மண்டபம் இல்லை. பிளாசாக் கடைகளில் ஒலித்தது. சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்கு எங்களை ஏற்றிச் செல்லும் கார்களில் ஒலித்தது.

நிலவும் நதியும் அவருடைய பாட்டுகளில் வருவதில்லை. முடிந்துபோன தொலைபேசி அட்டை வரும். ஹீற்றரின் மேல் காயப்போட்ட ஒற்றைச் சட்டை வரும். பெட்டிக்குள் மடித்தபடியே பழுப்பேறிய கூறைச் சேலை வரும். கேட்டவர்கள், 'எங்கட வீட்டுக்குள்ள ஒளிச்சிருந்து எழுதின மாதிரிக் கிடக்கு' என்பார்கள். அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னார்கள்.

அப்பா வன்னியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தார். போர்நிறுத்தக் காலத்தில், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அம்மாவும் நானும் மாமாவின் உதவியோடு இங்கே வந்தோம். பத்திரங்கள் சரிவந்ததும் அப்பா பின்னால் வருவதாக ஏற்பாடு. பத்திரங்கள் சரிவருவதற்குள் போர் திரும்பி வந்துவிட்டது. கடைசி மாதங்களில் தொலைபேசி அழைப்புகள் குறைந்தன, பின்னர் நின்றன. போர் முடிந்தபின் ஒருவர் அப்பாவை ஒரு முகாமில் கண்டதாகச் சொன்னார். அதே ஆள் சில மாதங்கள் கழித்து, அது வேறு யாராகவும் இருந்திருக்கலாம் என்றார். உடலைக் கண்டவர் எவருமில்லை.

ஆகவே எங்கள் சுவரில் அப்பாவின் படம் மாலை இல்லாமலே தொங்குகிறது. வாயைத் திறந்து, பல் முழுவதும் தெரியச் சிரிக்கிற படம். சிறு வயதில் பிரிந்த எனக்கு அப்பாவின் சிரிப்பு என்றால் அந்தப் படந்தான். அம்மா குங்குமத்தைக் கைவிடவில்லை. திவசம் செய்ய ஒரு திதி குறித்துத் தருகிறேன் என்று கோயில் ஐயர் அன்போடு முன்வந்தபோது, 'ஆள் வந்து நிண்டா நீங்கள் என்ன சொல்லுவியள் ஐயா?' என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வெளியே புறப்படும்போது தேநீரை முழுவதும் குடிக்க மாட்டார். கோப்பையின் அடியில் ஒரு வாய் விட்டுவைத்து, மிச்சத்தை வந்து குடிக்கிறேன் என்பார். எறும்பு மொய்க்கப் போகிறது என்று அம்மா ஏசுவார். எறும்பு வருவதற்கு முன்னர் நான் வந்துவிடுவேன் என்று அப்பா திருப்பிச் சொல்வார். நாளும் நடக்கிற சண்டை அது. சண்டை என்று சொல்வதும் மிகை. நாங்கள் கொழும்புக்கு வான் வண்டி ஏறிய காலையிலும் அப்படியே நடந்தது என்று அம்மா சொல்வார். அந்த முறை போனது நாங்கள். கோப்பையில் மிச்சம் விட்டது அவர்.

போர் முடிந்து ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு லண்டன்காரரின் புதிய பாட்டொன்று வந்தது. அம்மா அப்போது பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் பின்னேர வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். போவதற்குமுன் எனக்குச் சமைத்து வைப்பார். சமையலறையில் தமிழ் வானொலி ஓடும். நான் பள்ளியிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் நிற்கவே இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால், கையில் அரிசி களையும் அரிக்கன்சட்டியோடு அம்மா வானொலியைப் பார்த்து நின்றார். ஓர் ஆண் குரல் பாடிக்கொண்டிருந்தது. புறப்படுகிறவன் கோப்பையின் அடியில் ஒரு வாய் விட்டுப் போகிறானாம். எறும்பு மொய்க்குமுன் திரும்புவானாம்.

அன்று அம்மா வேலைக்குப் போகவில்லை.

நான் அவருக்கு நியாயம் சொல்லிப் பார்த்தேன். தேநீரில் மிச்சம் விடுகிறவர்கள் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்றேன். "தேத்தண்ணி மிச்சம் ஆரும் விடலாம்," என்றார் அம்மா. "எறும்பு?"

 

அம்மாவின் தர்க்கம் எளிமையானது. அந்த வசனம் அவருக்கும் அப்பாவுக்கும் நடுவே மட்டும் இருந்தது. அது லண்டனில் ஒருவரின் பாட்டுக்குள் போயிருக்கிறதென்றால், அப்பா அதை அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்; அல்லது அப்பாவிடம் கேட்ட ஒருவன் சொல்லியிருக்க வேண்டும். பாட்டு வந்தது போருக்குப் பின். ஆகவே அப்பாவோ, அப்பாவின் கடைசி நாட்களை அறிந்த ஒருவனோ போரைத் தாண்டி வந்திருக்கிறான். வானொலிக்கு அழைத்துக் கேட்டார். அறிவிப்பாளர் மரியாதையாக, அது கவிஞரின் கற்பனை அம்மா என்றார். அந்தப் பாட்டுக்காரர் ஒரு தடவை இசை நிகழ்ச்சிக்காக ரொறன்ரோவுக்கு வந்தபோது, என்னையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். மேடையில் அவர் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டார். முன் வாசலில் எங்களைப் போலவே சில பெண்கள் காத்து நின்றார்கள். அவர் பின்வாசலால் போய்விட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். அந்தப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்த பார்வையை நான் பிற்பாடு அடிக்கடி நினைத்திருக்கிறேன். தங்களைப் போல வேறு ஆட்களும் இருப்பதை அவர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை.

அதன் பின் அவர் பாட்டு எழுதவில்லை. எவரும் அதை அறிவிக்கவில்லை. புதிய பாட்டுகள் வருவது நின்றது, அவ்வளவுதான். குடி என்றார்கள், இசையமைப்பாளர்களோடு சண்டை என்றார்கள். சில ஆண்டுகள் கழித்து, ஒரு பிரித்தானியத் தொலைக்காட்சித் தொடரில் அவருடைய முகத்தை அம்மாதான் முதலில் அடையாளம் கண்டார். மளிகைக் கடை முதலாளி. முதற் காட்சியில் சில்லறை எண்ணிக் கொடுக்கிறார், அடுத்ததில் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். அம்மா அந்தச் சில்லறைக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு வாடகைக் கார் ஓட்டுகிறவராக வந்தார். சாட்சியாக வந்தார். புலம்பெயர்ந்த இளைஞர்கள் தமிழில் படமெடுக்கத் தொடங்கியபோது, காணாமற்போன கணவன், செத்துப்போன தகப்பன், கனவில் வந்து போகிற அண்ணன் எல்லாம் அவரே என்றாயிற்று. அந்த முகத்தில் ஏதோ இருந்தது. இருக்கும்போதே இல்லாதவரைப் போலத் தோன்றுவார். விமர்சனங்கள் அவரைப் பாராட்டின. அம்மா ஒன்றையும் விடாமல் பார்த்தார். நடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை.

இதற்கிடையில் நான் சமூகப்பணியில் பட்டம் பெற்று, மேற்படிப்பும் முடித்து, வெக்ஸ்போர்ட் பக்கத்தில் புதிதாக வருபவர்களுக்கான ஒரு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அம்மாவின் நிலைக்கு என் துறை ஒரு பெயர் வைத்திருக்கிறது. முடிவு தெரியாத இழப்பு மனிதரை என்ன செய்கிறது என்பது பற்றி நான் கட்டுரைகள் எழுதி நல்ல புள்ளிகள் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவர்களிடம் நம்பிக்கையை ஊட்டவும் கூடாது, பறிக்கவும் கூடாது என்று எங்களுக்குக் கற்பித்தார்கள். அம்மாவோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதைச் செய்வது எப்படி என்று எவரும் கற்பிக்கவில்லை.

சென்ற ஆண்டின் இறுதியில், மோர்னிங்சைட்டில் எங்கள் தெருவில் ஓர் இளைஞன் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு வந்தான். இங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளை. படக் குழுவுக்கு இடம் பார்ப்பது அவனுடைய வேலை. காணாமற்போன கணவனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் கதை. அதற்கு ஒரு சாதாரண டவுன்ஹவுஸ் வேண்டும். "அன்ரி, வி வில் பீ சோ கெயாஃபுல்," என்றான். "ஒரு கப்கூட மூவ் ஆகாது." யார் நடிக்கிறார் என்று அம்மா கேட்டார். அவன் பெயரைச் சொன்னான். அம்மா கதவை அகலத் திறந்தார்.

படம் பிடித்தது பனி கொட்டிய ஒரு வார நாளில். காலையிலேயே வந்து எங்கள் யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். கதைப்படி அது இரவு. காலைச் சாப்பாடு சாப்பிட்ட வீட்டில் அரை மணியில் இருட்டிவிட்டது. வெளியே பனி வெளிச்சத்தில் கண் கூசியது. கதவைத் தாண்டி உள்ளே வந்தால் விளக்கு வைத்த வீடு. நான் விடுப்பு எடுத்திருந்தேன். பிறந்தநாள்களைக் கொண்டாடிய வரவேற்பறையில், எங்களுடைய கதிரைகளுக்கு நடுவே, எங்களுடையது அல்லாத ஒரு துக்கம் ஒழுங்கு செய்யப்படுவதைப் படிக்கட்டில் அம்மாவோடு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் படத்தை நாங்கள் முன்கூட்டியே சமையலறைச் சுவருக்கு மாற்றியிருந்தோம். அது தொங்கிய இடத்தில் நடிகரின் படம் ஒன்றை மாட்டி, கலைப் பிரிவுப் பெண் அதற்குப் பிளாஸ்ரிக் மல்லிகை மாலை ஒன்றைப் போட்டாள். கீழே சிவப்பு மின்குமிழ். அம்மா எழுந்து போனார்.

"உயிரோட இருக்கிற ஆளின்ர படத்துக்கு இந்த வீட்டில மாலை போட ஏலாது," என்றார்.

இயக்குநர் வந்து விளக்கினார். இடம் பார்த்த இளைஞன் ஆங்கிலத்தில் விளக்கினான். கதைக்கு மாலை அவசியம் என்றார்கள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அதே வசனத்தை மீண்டும் சொன்னார். அப்போது, அன்று அதுவரை நாங்கள் காணாத ஒருவர் பின்னாலிருந்து வந்து, கையை நீட்டி, தன் படத்திலிருந்து மாலையைத் தானே கழற்றினார். மெலிந்த, நரைத்த மனிதர்.

"எனக்கு இதுவரை நாலைஞ்சு தரம் மாலை போட்டாச்சு அக்கா," என்றார் சிரித்தபடி. "ஒண்டும் நடக்கேல்லை."

"நடக்கேல்லை எண்டு உமக்கென்னண்டு தெரியும்?" என்றார் அம்மா.

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். மாலையில்லாமலே அந்தக் காட்சியை எடுத்தார்கள்.

காட்சியில் பேச்சில்லை. மனைவியாக நடித்த பெண் மேசையில் அமர்ந்திருக்க, அவர் வாசற்கதவைத் திறந்து உள்ளே வர வேண்டும். சப்பாத்தைக் கழற்ற வேண்டும். மேசைக்கு வந்து, எதிர்க் கதிரையில் உட்கார வேண்டும். மனைவி நிமிர்ந்து பார்க்க மாட்டாள். ஏனெனில் அவர் வரவில்லை. கதவு திறந்தபோது உண்மையான குளிர் உள்ளே வந்தது. அவருடைய தோளில் உண்மையான பனி இருந்தது. ஒளி சரியில்லை, ஒலி சரியில்லை என்று மறுபடி மறுபடி எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு காணாமற்போன ஒரு மனிதர் உள்ளே வந்தார். ஒவ்வொரு முறையும் எவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. படிக்கட்டில் அம்மாவின் கை என் முழங்காலைப் பற்றியிருந்தது. நான்காவது முறையோ ஐந்தாவது முறையோ, கதவின் கைப்பிடி அசையத் தொடங்கியபோது, என் உடம்பு எழுந்து நிற்க எத்தனித்தது. அன்று மேற்கொண்டு நான் அந்தக் கதவைப் பார்க்கவில்லை.

மதிய இடைவேளையில் குழுவினர் வெளியே நின்ற வான் வண்டிக்குச் சாப்பிடப் போனார்கள். அம்மா அவரை மட்டும் சமையலறைக்கு அழைத்து, சோறு போட்டுக் கொடுத்தார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ஊர் விசாரித்தார், பிள்ளைகளை விசாரித்தார். பிறகு அவருக்கு எதிரே அமர்ந்து கேட்டார்:

"உம்மட பாட்டில எறும்பு எண்டு ஒரு இடம் வருது தம்பி. அதை ஆர் உமக்குச் சொன்னது?"

அவர் உடனே தட்டை விலக்கி வைத்தார். அந்தக் கேள்வி அவருக்குப் புதிதல்ல என்பது தெரிந்தது.

"உப்பிடி என்னட்டை நிறையப் பேர் கேட்டிருக்கினம் அக்கா."

"அவை தங்கட ஆக்களைக் கேட்டிருப்பினம். நான் கேக்கிறது எறும்பை."

அவர் சற்று நேரம் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னவற்றில் பெரும்பகுதியை நான் என் சொற்களில்தான் தர முடியும்.

பாட்டெழுதிய காலத்தில் அவர் பார்த்த வேலை மொழிபெயர்ப்பு. கிழக்கு லண்டனில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சட்ட அலுவலகத்தில், அகதிக் கோரிக்கையாளர்கள் சொல்வதை வழக்கறிஞர்களுக்கு ஆங்கிலத்தில் சொல்வார். அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. என் வேலையால் நானும் அதை அறிவேன். மொழிபெயர்ப்பவர் 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது. சொல்கிறவர் 'நான்' என்றால் இவரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். "என்னை அடிச்சவை எண்டு அவர் சொன்னா, நானும் என்னை அடிச்சவை எண்டுதான் சொல்ல வேணும். என்ர மனிசியைக் காணேல்லை எண்டா, எனக்கும் மனிசியைக் காணேல்லை. பத்து வருசம் அக்கா. காலமை ஒரு ஆள், பின்னேரம் ஒரு ஆள்." இன்னொரு விதி, நேர்காணல் முடிந்ததும் குறிப்பெடுத்த தாள்களை அங்கேயே கிழித்துப்போட்டுவிட்டு வர வேண்டும் என்பது. தாளைக் கிழித்தாயிற்று, வாயில் நின்றதைக் கிழிக்க முடியவில்லை என்றார். அது பாட்டாக வெளியே வந்தது. ஆட்களை எழுதவில்லை, ஊர் பெயர் எழுதவில்லை, சட்டையையும் சேலையையும் மட்டுந்தான் எழுதினேன், அதில் எவருக்கும் தீங்கில்லை என்று நினைத்திருந்தேன் என்றார்.

ஒரு நாள் லண்டனில் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் பாட்டொன்றைக் கேட்டுக் கையைக் கழுவிவிட்டு அவரிடம் வந்தார். 'என்ர மனிசியின்ர கூறையை ஏன் தம்பி பாட்டில போட்டனீர்?' என்று கேட்டார். சத்தம் போடவில்லை. பதிலுக்கு நிற்கவும் இல்லை. அதற்குப் பிறகு எழுதவில்லை. மொழிபெயர்ப்பு வேலையையும் விட்டார். தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்குத் தமிழ் ஆலோசகராகக் கூப்பிட்டவர்கள், வந்த இடத்தில் அவரையே நடிக்க வைத்தார்கள். அது அவருக்கு ஆறுதலாக இருந்தது. எவனோ எழுதிய வசனம். எவருடைய வாழ்க்கையும் அதில் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். 'நான்' என்று சொல்லிவிட்டு, மாலையில் உடுப்பை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

"எறும்பு?" என்றார் அம்மா.

"அது நான் கற்பனை பண்ணினது இல்லை அக்கா. ஒரு ஆள் சொன்னவர். ஆனா முகம் ஞாபகம் இல்லை. தன்ர கதையாச் சொன்னவரோ, கூட இருந்த ஆரின்ரயும் கதையைச் சொன்னவரோ, அதுவும் தெரியாது. சொல்லேக்க சிரிச்சவர். அதுக்குமுன்னம் நாள் முழுக்க ஒருத்தரும் சிரிக்கேல்லை. இந்தச் சிரிப்பை எப்பிடி இங்கிலீசில சொல்லுறது எண்டு யோசிச்சது மட்டும் ஞாபகம்."

 முற்றத்தில் யாரோ பனியை வழிக்கும் சத்தம் கேட்டது.

"எப்பிடிச் சிரிச்சவர்?"

"அக்கா..."

"நீர் நடிக்கிற ஆள்தானே தம்பி. சிரிச்சுக் காட்டும்."

அம்மா கண்களை மூடிக்கொண்டார். அதனால் அடுத்து நடந்ததை அவர் காணவில்லை, நான் கண்டேன். நடிகர் தலையைத் திருப்பி, அம்மாவுக்குப் பின்னால் சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தார். வாய் திறந்து, பல் தெரியச் சிரிக்கிற அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, வாயைத் திறக்காமல், மூக்கால் சிரித்தார். இரண்டு சிறு மூச்சுகள். இரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. தன்னைத்தானே பகிடி பண்ணுகிற ஒருவரின் சிரிப்பு.

அம்மா கண்களைத் திறந்தார்.

"இல்லைத் தம்பி," என்றார் அமைதியாக. "அது அவரில்லை. அவர் வாய் திறந்து சிரிக்கிற ஆள். படத்தைப் பாரும்."

நடிகரின் தோள்கள் தாழ்ந்ததை நான் கவனித்தேன். அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். மாலை அவர் விடைபெற்றபோது அம்மா வாசல்வரை வந்து, பாட்டுத் திரும்ப எழுதும் தம்பி, ஆனால் கேட்டுவிட்டு எழுதும் என்றார். யன்னல்களிலிருந்து கறுப்புத் துணியைக் கழற்றியபோது வெளியே உண்மையாகவே இருட்டியிருந்தது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவர் பொய்யாகச் சிரித்திருப்பார் என்று நினைத்தேன். படத்தைப் பார்த்து, அதற்கு நேர்மாறான ஒரு சிரிப்பைச் சிரித்து, அம்மாவை அவர் விடுவித்துவிட்டார். அது பொய்தான் என்றாலும், அதனால் விளையக்கூடிய நன்மை பெரிது என்று என் மனம் கணக்குப் போட்டது. பல ஆண்டுகளாக என் தொழில் செய்ய முடியாததை ஒரு நடிகரின் இரண்டு மூச்சுகள் செய்துவிட்டன.

மறுநாள் காலை, வேலைக்குப் புறப்படுமுன், அப்பாவின் படத்தை வரவேற்பறைச் சுவருக்குத் திரும்பக் கொண்டுபோனேன். அம்மா பின்னால் வந்து நின்றார்.

"இந்தப் படம் எடுக்கேக்க ஸ்ரூடியோக்காரன் ஏதோ ஊத்தைப் பகிடி ஒண்டு விட்டவன்," என்றார். "அதுதான் உப்பிடி வாயைப் பிளந்துகொண்டு நிக்கிறார். கொப்பர் ஒருநாளும் உப்பிடிச் சிரிக்கிறேல்லை."

நான் ஆணியில் படத்தை மாட்டிய கையை எடுக்கவில்லை. பின் எப்படிச் சிரிப்பார் என்று கேட்டேன்.

"மூக்காலை."

அதை அவர் சொன்ன விதத்தில் மகிழ்ச்சி இல்லை. பல காலமாக வாசலில் நின்ற ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதைப் போல இருந்தது. அப்படியென்றால் அவரிடம் ஏன் இல்லை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"ஓம் எண்டு சொல்லியிருந்தா, அந்த மனிசன் இனி நித்திரை கொள்ளுமே பிள்ளை? அதுகும் பாவம். எனக்குத் தெரிஞ்சாக் காணும்." சற்றுப் பொறுத்து, "என்ர பாஸ்போட் எப்ப முடியுது எண்டு ஒருக்காப் பார்," என்றார்.

அன்றிலிருந்து நான் எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தச் சிரிப்பு உண்மையில் அவர் கேட்டதாக இருக்கலாம். அப்படியானால் அப்பா போருக்குப் பிறகு ஒரு நாள் கிழக்கு லண்டனில் ஒரு மேல்மாடியில் உட்கார்ந்து எறும்பைப் பற்றிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அதன் பிறகு எங்களைத் தேடவில்லை, அல்லது தேட இயலாமற் போயிற்று. இரண்டையும் என்னால் நினைக்க முடியவில்லை. அல்லது, அது படத்தைப் பார்த்துவிட்டு இரக்கத்தால் செய்த நடிப்பாக இருக்கலாம். அப்படியானால், பொய்யென்று அவர் தேர்ந்தெடுத்த அந்தச் சிரிப்பு தற்செயலாக அப்பாவின் சிரிப்பாக அமைந்துவிட்டது. அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தது எனக்கு மட்டுமே தெரியும். அதை அம்மாவிடம் சொல்லலாம். அவர் மறுபடி வெறும் காத்திருப்புக்குத் திரும்புவார். சொல்லாமல் விடலாம், இல்லாத ஒருவரைத் தேடி அறுபது தாண்டிய வயதில் கடல் கடப்பார். அந்த மனிதரின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது. அழைத்துக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆனால் அவர் எதைச் சொன்னாலும், பாட்டுக்காரர் சொல்கிறாரா நடிகர் சொல்கிறாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் செய்தது சிறிய, கோழைத்தனமான ஒரு காரியம். அந்தச் சட்ட அலுவலகம் இப்போதும் இருக்கிறதா என்று விசாரித்தேன். அது மூடப்பட்டு நெடுங்காலம் ஆகிறது. கோப்புகள் எங்கே போயின என்று எவருக்கும் தெரியாது. இந்தச் செய்தி அம்மாவைத் தடுக்கும் வேலையை எனக்காகச் செய்துவிடும் என்ற எண்ணத்தோடு அதை அம்மாவிடம் கொண்டுபோனேன். புதிய கடவுச்சீட்டு அப்போதுதான் தபாலில் வந்திருந்தது. அம்மா அதன் முதற் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேல்மாடிதானே மூடினது," என்றார், தலையை நிமிர்த்தாமல். "கீழ இருந்த சாப்பாட்டுக் கடை இருக்குமெல்லோ. கதைச்சுப்போட்டு இறங்கி வாற சனம் அங்கைதானே தேத்தண்ணி குடிச்சிருக்கும்."

வைகாசியில் போவதாக இருக்கிறோம். கடை இருக்கிறதா என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை.